சர்வரில் ஓடூ நிறுவுகிறீர்களா? இந்த வெர்ஷன் தவறுகளைத் தவிருங்கள்

ஓடூ என்பது பில், கணக்கு போன்ற வணிக வேலைகளுக்கான மென்பொருள். புது சர்வர் கைக்கு வந்ததும், இருப்பதிலேயே புதிய உபுண்டு இயங்குதளத்தைப் போட்டுவிட்டு அதன்மேல் ஓடூவை ஏற்றப் பார்ப்பவர்கள் அதிகம். நான் சரிசெய்யப் போன சிக்கல்களில் பல இங்கேதான் ஆரம்பித்திருந்தன. வரிசையைத் திருப்பிப் போடுங்கள். எந்த ஓடூ என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஓடூ பைத்தான் மொழியில் எழுதப்பட்டது; அதற்கு எந்தப் பைத்தான் வெர்ஷன் வேண்டும் என்று பாருங்கள். அந்தப் பைத்தானோடு வரும் உபுண்டுவைக் கடைசியில் எடுங்கள். உபுண்டு 20.04-இல் பைத்தான் 3.8, 22.04-இல் 3.10, 24.04-இல் 3.12 இருக்கும். ஓடூ 17 குறைந்தது 3.10 கேட்கும் என்பதால், அதற்கு 22.04 நன்றாகப் பொருந்தும்.

ஓடூ கையேட்டில் வரும் ‘அல்லது அதற்கு மேல்’ என்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஓடூ 14-க்குப் பைத்தான் 3.6 அல்லது அதற்கு மேல் போதும் என்று இருக்கும். ஆனால் ஓடூ 14 வெளிவந்தது 2020 அக்டோபரில், பைத்தான் 3.10 வந்ததோ 2021 அக்டோபரில். அன்றைக்கு இல்லாத பைத்தானில் யார் சோதித்துப் பார்த்திருக்க முடியும்? 22.04-இல் ஓடூ 14-ஐப் போட்டால், ரெக்வயர்மெண்ட்ஸ் கோப்பில் (ஓடூவுக்கு வேண்டிய பைத்தான் பேக்கேஜ்களும் அவற்றின் வெர்ஷன் எண்களும் உள்ள பட்டியல்) குறித்திருக்கும் க்ரீன்லெட் என்ற பேக்கேஜின் பழைய வெர்ஷன் கம்பைல் ஆகாமல் நின்றுவிடும்.

அந்த நேரத்தில் பதற்றத்தில் செய்யும் வேலைதான் ஆபத்து. ரெக்வயர்மெண்ட்ஸ் கோப்பில் உள்ள எண்களை அழித்துவிட்டு எல்லாவற்றிலும் புதியதை இறக்குவார்கள். இன்ஸ்டால் முடியும், ஓடூ எழாது. 2024-இல் எல்எக்ஸ்எம்எல் என்ற பேக்கேஜின் 5.2 வெர்ஷன் வந்தபோது, ஹெச்டிஎம்எல்லைச் சுத்தம் செய்யும் பகுதியை அதிலிருந்து பிரித்துத் தனிப் பேக்கேஜ் ஆக்கினார்கள். ஓடூ அந்தப் பகுதியை நம்பியிருந்ததால், யாரோ பேக்கேஜை அப்டேட் செய்த நாளில் அதுவரை நன்றாக ஓடிய சர்வர்கூட நின்றுபோகும். அந்த எண்கள் காரணத்தோடுதான் அங்கே இருக்கின்றன.

இன்னும் மோசமானது, உபுண்டுவின் சொந்தப் பைத்தானையே மாற்றுவது. மென்பொருள்களை நிறுவி அப்டேட் செய்யும் ஏபிடி போன்ற கருவிகள் அதை நம்பித்தான் இயங்குகின்றன. அதன் லிங்க்கை வேறு பைத்தானுக்குத் திருப்பினால், அடுத்த முறை அப்டேட் போடும்போது ஏபிடியே பிழை காட்டும். ஆகவே வேண்டிய பைத்தானைப் பக்கத்தில் தனியாக நிறுவி, வெர்ச்சுவல் என்விரான்மெண்டுக்குள் (பேக்கேஜ்களைச் சிஸ்டத்தோடு கலக்காமல் வைக்கும் தனி இடம்) ஓடூவை வையுங்கள்.

பிழையே காட்டாத தவறும் ஒன்று உண்டு. எனக்கு அதிகம் கவலை தருவது அதுதான். இன்வாய்ஸை பிடிஎஃப் ஆக்க ஓடூ பயன்படுத்துவது டபிள்யூகே ஹெச்டிஎம்எல் டு பிடிஎஃப் என்ற கருவி. உபுண்டு களஞ்சியத்தில் கிடைக்கும் அதன் பதிப்பில், அந்தக் கருவி பயன்படுத்தும் க்யூடி என்ற நிரல் தொகுப்பில் ஓடூவுக்குத் தேவையான திருத்தங்கள் இல்லை. அதனால் ஓடூ ஓடும், பிடிஎஃப்பும் வரும். ஆனால் மேல்பகுதியும் அடிப்பகுதியும் அச்சாகாது. கம்பெனி பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் எதுவும் இல்லாத பில் வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் போன் வரும். திருத்தம் சேர்த்த 0.12.6 பதிப்பைத் தனியாக இறக்கி நிறுவுங்கள். சர்வரை ஒப்படைக்கும் முன் ஒரு இன்வாய்ஸை அச்செடுத்துக் கண்ணால் பாருங்கள்.

வெளியார் எழுதிய மாட்யூல்களை (ஓடூவோடு சேர்க்கும் கூடுதல் பகுதிகள்) எந்த ஓடூவுக்கு எழுதினார்களோ, அந்தப் பதிப்போடு மட்டுமே சேருங்கள். வியூக்களில், அதாவது திரை அமைப்பை எழுதும் கோப்புகளில், இருந்த ‘ஆட்டர்ஸ்’, ‘ஸ்டேட்ஸ்’ என்ற இரண்டு குறிப்புகளையும் ஓடூ 17-இல் நீக்கிவிட்டார்கள்; 16-க்கு எழுதியதை அப்படியே போட்டால் அங்கேயே நிற்கும்.

டேட்டாபேஸுக்கு வருவோம். ஓடூ தன் டேட்டாவை வைப்பது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில். அதை டாக்கரில் (மென்பொருளைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஓட்டினால், வெர்ஷன் இடத்தில் ‘லேட்டஸ்ட்’ என்று எழுதி வைக்காதீர்கள், எண்ணை எழுதுங்கள். 15-இல் உருவான டேட்டாவை 16 அப்படியே திறக்காது. கண்டெய்னர் எழ மறுக்கும். டம்ப் (டேட்டாவின் முழு நகல்) எடுத்து ஏற்ற வேண்டும், இல்லையென்றால் போஸ்ட்கிரெஸின் அப்கிரேட் கருவியை ஓட்ட வேண்டும். டேட்டாபேஸ் வேறொரு சர்வரில் இருந்தால், ஓடூ இருக்கும் சர்வரில் உள்ள டம்ப் கருவி எந்த வெர்ஷன் என்றும் பாருங்கள். தன்னைவிடப் புதிய போஸ்ட்கிரெஸிலிருந்து அது பேக்கப் எடுக்காது. இரவில் தானாக ஓடும் பேக்கப் என்றால், இது யார் கண்ணிலும் படாமல் மாதக்கணக்கில் தொடரலாம். நிறுவிய அன்றே ஒரு பேக்கப் எடுத்து, அதை வேறொரு மெஷினில் ஏற்றித் திறந்து பார்த்துவிடுங்கள்.