'நோலி மே தாங்ஹெரே' நாவலின் பாத்திரங்களைப் படிப்பது எப்படி? புதிய வாசகருக்கு ஒரு செய்முறை

பிலிப்பைன்ஸ் இலக்கியத்துக்குள் நுழைய நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கையில் எடுப்பது ஹொசே ரிசாலின் 'நோலி மே தாங்ஹெரே' நாவலைத்தான். பிலிப்பைன்ஸ் ஸ்பெயினின் காலனியாக இருந்தபோது ஸ்பானிய மொழியில் எழுதப்பட்டு 1887இல் பெர்லினில் அச்சானது. ரிசாலின் வாழ்வும் எழுத்தும் அந்நாட்டுப் பள்ளி, கல்லூரிகளில் கட்டாயப் பாடம் என்று 1956இல் சட்டமே வந்தது. அதனால் இந்த நாவலுக்குக் குறிப்புரைகளுக்குப் பஞ்சமில்லை. சீசா என்றால் தாய்நாடு, எலியாஸ் என்றால் எளிய மக்கள், டமாசோ என்றால் திருச்சபை என்று ஒரு பட்டியல் அவற்றில் தவறாமல் இருக்கும்.

தயவுசெய்து அந்தப் பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள். விடையை முதலில் தெரிந்துகொண்டு படித்தால் சீசா அழும்போது உங்களுக்கு ஒரு தாய் தெரியமாட்டாள், ஒரு நாட்டின் வரைபடம்தான் தெரியும். நான் இங்கே சொல்லும் வழி வேறு. இந்த மனிதரிடமிருந்து எது பறிக்கப்படுகிறது? பறிப்பவர் யார்? எந்த அதிகாரம் அவருக்குத் துணை? ஒவ்வொரு பாத்திரத்திடமும் இந்த மூன்றையும் கேளுங்கள். குறியீடு அந்தப் பதில்களிலிருந்து தானாக எழுந்து வரும்.

கதையின் முடிவுவரை பேசப்போகிறேன். தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் நாவலை முடித்துவிட்டு வாருங்கள்.

படி 1: ஊரில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று பாருங்கள்

கதை நடப்பது சான் டியேகோ என்ற ஏரிக்கரை ஊரில். அது கற்பனை ஊர். அங்கே மூன்று அதிகாரங்கள் உண்டு: அரசு நிர்வாகம், சிவில் காவல்படை, பங்குப் பாதிரியார். அரசு அதிகாரிகள் சில ஆண்டுகளில் மாறிப்போவார்கள். துறவு சபைப் பாதிரியாரோ அதே ஊரில் வேரூன்றி இருப்பார். பாதிரி டமாசோ சான் டியேகோவில் இருபது ஆண்டுகள் இருந்தவர். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். பாவசங்கீர்த்தனம் கேட்பவரும், பிணத்தை எங்கே புதைக்கலாம் என்று முடிவு செய்பவரும் அவரே.

நிலமும் சபைகளிடம் இருந்தது. ரிசாலின் சொந்த ஊரான கலாம்பாவில் அவருடைய குடும்பமே டொமினிக்கன் சபையின் பண்ணையில் குத்தகைக்குப் பயிரிட்டது. ஆரம்பத்துக்கு இவ்வளவு வரலாறு போதும்.

படி 2: முதல் வாசிப்பில் பொருள் தேடாதீர்கள், நடந்ததை மட்டும் குறித்துவையுங்கள்

ஒரு குறிப்பேட்டில் பாத்திரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நாயகன் இபார்ராவின் பக்கத்தில் 'இபார்ரா: நாட்டுப்பற்று' என்று எழுதவேண்டாம். 'ஏழு ஆண்டு ஐரோப்பாவில் இருந்துவிட்டுத் திரும்புகிறான். அப்பா சிறையில் இறந்தது தெரியவருகிறது. உடல் கல்லறையில் இல்லை' என்று எழுதுங்கள். டமாசோவின் உத்தரவின்படி அந்த உடலைத் தோண்டியெடுத்துச் சீனர்களின் இடுகாட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். மழை, பாரம் தாங்கவில்லை. சுமந்தவன் அதை ஏரியில் போட்டுவிடுகிறான். இறந்தவனுக்குக்கூட மண் மறுக்கும் அதிகாரம் என்றால் என்ன என்பதை எந்த விளக்கவுரையும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடாது.

படி 3: ஒரு பாத்திரத்தை முழுமையாகத் தொடர்ந்து பாருங்கள்

பயிற்சிக்குச் சீசாவை எடுத்துக்கொள்வோம். நாவலில் அவள் வரும் பக்கங்கள் அதிகமில்லை. ஆனால் முறையைக் கற்க இவளைவிடப் பொருத்தமானவர் வேறு யாரும் இல்லை.

அவளுடைய இரண்டு மகன்கள், பாசிலியோவும் கிறிஸ்பினும், கோயிலில் மணியடிக்கும் வேலை பார்க்கிறார்கள். அன்றிரவு பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள் என்று அவள் காத்திருக்கிறாள். சின்னவனுக்குப் பிடிக்கும் என்று தோட்டத்தில் தக்காளி பறிக்கிறாள். பெரியவனுக்குப் பிடிக்கும் என்று டாசியோ கிழவரிடம் உலர்ந்த காட்டுப்பன்றி இறைச்சியும் காட்டு வாத்தின் காலும் கேட்டு வாங்குகிறாள். சூதாடிக் கணவன் வருகிறான், கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் போகிறான். முதல் பறிப்பு வீட்டுக்குள்ளேயே நடந்துவிடுகிறது, அதுவும் உள்ளூர்க்காரன் கையால். பலர் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் நாவலின் மிக நுட்பமான பக்கங்களில் ஒன்று.

அடுத்தது கோயில். தங்கக்காசு திருடியதாகக் கிறிஸ்பின்மேல் பழி விழுகிறது. அவனை அடித்து இழுத்துப் போகிறார்கள். பிறகு தாய் அவனைப் பார்க்கவே இல்லை. தப்பி ஓடிவந்த பாசிலியோவின் நெற்றியைக் குண்டு உரசியிருக்கிறது. அதன்பின் காவல்படை. பிள்ளைகள் கிடைக்கவில்லை என்று தாயைப் பிடித்துப் போகிறார்கள். ஊரார் பார்க்கிறார்களே என்று கூசி, காவலர்களுக்குச் சற்றுத் தள்ளி நடக்க அனுமதி கேட்கிறாள். பூசை முடிந்து மக்கள் வெளியே வரும் நேரம் அது. பிறகு அவளை விட்டுவிடுகிறார்கள். ஆனால் அவள் புத்தி திரும்பவில்லை.

இப்போது மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதிப் பாருங்கள். சோறு, பிள்ளை, மானம், புத்தி என்று வரிசையாகப் போயிருக்கின்றன. பறித்தவர்கள் கணவன், கோயில், காவல்படை. துன்புறும் தாய்நாடு என்ற விளக்கம் தவறில்லை. ஆனால் இந்த வரிசையைப் பார்த்தபிறகு அந்தச் சொல்லுக்கு எலும்பும் சதையும் வந்துவிடுகிறது. ரிசாலின் தாய் தியோடோரா அலோன்சோவையும் ஒரு பொய்க் குற்றச்சாட்டில் கைதுசெய்து சாந்தா குரூஸ் ஊருக்கு நடக்கவைத்தே கொண்டுபோனார்கள். இரண்டரை ஆண்டுக்காலம் சிறையில் வைத்தார்கள். ரிசால் அப்போது சிறுவன்.

படி 4: பாத்திரங்களை ஜோடியாக வையுங்கள்

இபார்ராவைத் தனியாகப் படித்தால் படித்த, நல்ல, பாவப்பட்ட நாயகனாகவே தெரிவான். தலைமறைவாக வாழும் படகோட்டி எலியாஸின் அருகில் வைத்தால் வேறொன்று புலப்படும். ஏரியில் முதலையிடமிருந்து எலியாஸை இபார்ரா காப்பாற்றுகிறான்; பள்ளிக்கூட அடிக்கல் நாட்டு விழாவில் இபார்ராவைக் கொல்லச் செய்த சதியை எலியாஸ் முறியடிக்கிறான். ஆனால் எலியாஸின் பாட்டனை முன்பு பொய்ப்பழி சுமத்திச் சாட்டையடி வாங்கவைத்த வணிகன் பெட்ரோ எய்பர்ரமெந்தியா. இபார்ராவின் முப்பாட்டன். குடும்பப் பெயரைச் சுருக்கிவிட்டதால் இருவருக்கும் இது தெரியாமலே இருந்தது.

தன் பணத்தில் பள்ளி கட்டித்தர நினைக்கும் நல்ல மனிதன், எந்த வம்சத்தின் பணத்தில் நிற்கிறான் என்று ரிசால் நம்மைப் பார்க்கவைக்கிறார். சீர்திருத்தம் வேண்டும் என்று எலியாஸ் கெஞ்சும்போது, காவல்படையும் பாதிரிகளும் தேவையான தீமைகள் என்று வாதாடுபவன் இபார்ரா. பொய்க் கலகக் குற்றத்தில் சிக்கியபின் அவனே ஆயுதத்தைப் பற்றிப் பேசுகிறான், எலியாஸ் தடுக்கிறான். இருவரும் இடம் மாறிக்கொள்கிறார்கள். 'இபார்ரா சீர்திருத்தம், எலியாஸ் புரட்சி' என்று ஒரே வரியில் எழுதும் குறிப்புரைகள் இந்த மாற்றத்தைத் தவறவிடுகின்றன.

படி 5: நாக்கையும் உடையையும் கவனியுங்கள்

டோன்யா விக்டோரினா முகத்தில் மாவு பூசி, ஸ்பானியப் பெண்ணாகத் தன்னைக் காட்டிக்கொள்கிறாள். காவல்படை அதிகாரியின் மனைவி டோன்யா கொன்சொலாசியோன் தன் தாய்மொழியான தகாலோக் தெரியாது என்று நடிக்கிறாள். பித்துப்பிடித்த சீசாவைப் பாடவைக்கிறாள். பாட்டு நெஞ்சைத் தொட்டதும் 'பாடாதே' என்று சுத்தமான தகாலோக்கில் கத்திவிடுகிறாள். அடுத்து நடப்பது சாட்டையடி. தன்னைத் தனக்கே காட்டிக்கொடுத்தவளை அவளால் மன்னிக்க முடியவில்லை.

இதன் பக்கத்தில் பள்ளி ஆசிரியர் இபார்ராவிடம் சொல்லும் கதையை வையுங்கள். அவர் ஸ்பானிய மொழியில் பேசியதற்கு டமாசோ அவரை அவமதிக்கிறார்: உன் மொழியே உனக்குப் போதும் என்கிறார். ஆளும் மொழியைக் கற்கவும் விடமாட்டார்கள். சொந்த மொழியில் மதிப்போடு வாழவும் விடமாட்டார்கள். இந்த இரண்டு அத்தியாயங்களையும் சேர்த்துப் படித்தாலே அந்த ஆட்சியின் தந்திரம் பிடிபட்டுவிடும்.

படி 6: பாதிரிகளை ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்

டமாசோ வெளிப்படையாகக் கத்துபவர். அவருக்குப் பின் சான் டியேகோவின் பங்குப் பாதிரியாராக வந்த சால்வி மெலிந்தவர், அமைதியானவர். ஆபத்து அவரிடம்தான் அதிகம். பொய்க் கலகத்தை இபார்ராவின் தலையில் கட்டும் சூழ்ச்சி அவருடையது. அவருக்கும் காவல்படை அதிகாரிக்கும் ஓயாத பூசலும் உண்டு. டமாசோகூட தன் இரகசிய மகளும் இபார்ராவின் காதலியுமான மரியா கிளாராவிடம் மட்டும் உருகுகிறார். அந்த உருக்கத்தை ரிசால் பொய்யாகக் காட்டவில்லை. உண்மையான பாசம் உள்ளவனாலும் இவ்வளவு கேடு செய்ய முடிகிறது.

படி 7: மரியா கிளாராவை அவசரமாகத் தீர்க்காதீர்கள்

இவள் பெயரில் ஒரு பாரம்பரிய உடையே வழங்குகிறது. அடக்கமான பெண்ணின் இலட்சியமாகவும் இவளைக் கொண்டாடியிருக்கிறார்கள். நாவல் சொல்வது அத்தனை இனிமையானதில்லை. தன் பிறப்பின் இரகசியம் அடங்கிய கடிதங்களுக்குப் பதிலாக இபார்ரா எழுதிய கடிதத்தைச் சால்வியிடம் கொடுத்துவிடுகிறாள். அது அவனுக்கு எதிரான சான்றாகிறது. கடைசியில் கன்னியர் மடத்துக்குள் அடைபடுகிறாள். அவளைக் காலனியாதிக்கத்தின் குழந்தை என்று சொல்லலாம். காலனியாதிக்கம் தாயின் உடலில் விட்டுச்சென்ற தடயத்தை மறைக்கவேண்டிய கட்டாயத்தில் இருப்பவள் என்பது எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். கடிதம் கைமாறும் இடத்தை மறுபடி படித்துவிட்டு எழுதுங்கள்.

படி 8: எழுதும்போது நிகழ்ச்சியை முதலில் வையுங்கள்

உதாரணம்: 'டாசியோ கிழவர் சித்திர எழுத்தில் எழுதுகிறார், தன் காலத்தவருக்காக எழுதவில்லை, வரும் தலைமுறைக்காக எழுதுகிறேன் என்கிறார். ஊரார் அவரைப் பைத்தியம் என்கிறார்கள்.' இந்த மூன்று தகவலுக்குப் பிறகே 'அவர் காலத்துக்கு முந்திய அறிவின் உருவம்' என்று எழுதுங்கள். உங்கள் விளக்கத்துக்கு எதிரான ஒரு நிகழ்ச்சியையும் நாவலில் தேடி அதே பத்தியில் சேருங்கள். அதைத் தாங்க முடியாவிட்டால் விளக்கத்தைத் திருத்தவேண்டும்.

இதே முறையில் 1891இல் வந்த அடுத்த நாவலான 'எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ'வுக்குப் போகலாம். அங்கே இபார்ரா சிமோன் என்ற நகை வணிகனாக மாறுவேடத்தில் திரும்பியிருப்பான். பாசிலியோ மருத்துவம் படிப்பான். சிமோனின் பக்கத்தைப் பாசிலியோவின் கண்ணிலிருந்து எழுதத் தொடங்குங்கள். ஒரு கிறிஸ்துமஸ் இரவில் சீசாவின் கல்லறைக்கு வரும் பாசிலியோதான் அங்கே மண்ணைத் தோண்டிக்கொண்டிருப்பவனை முதலில் அடையாளம் கண்டுகொள்கிறான்.