சிக்னல் ஹேண்ட்லருக்குள் மாலாக் வேண்டாம்

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலைக்கு, லாரி எடையைப் பதியும் லினக்ஸ் புரோகிராம் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். கரண்ட் போய் மெஷின் அணையப் போகிறது, 'முடித்துக்கொள்' என்று சொல்லும் சிக்டெர்ம் சிக்னல் வருகிறது. அந்த நொடி புரோகிராம், மெமரி ஒதுக்கும் மாலாக்குக்குள் (malloc) பூட்டைப் பிடித்தபடி நிற்க, சிக்னல் வந்ததும் ஓடும் உங்கள் ஹேண்ட்லரும் மாலாக்கைக் கூப்பிட்டால், அதே பூட்டுக்காகக் காத்தே உறைந்துவிடும், இல்லையென்றால் மாலாக் மெமரி எடுக்கும் ஹீப் குழம்பும். கடைசி லாரியின் எடை டிஸ்க்கில் ஏறாது.

அதனால் ஹேண்ட்லரில் வோலடைல் சிக்_அடாமிக்_டி (volatile sig_atomic_t) வகைக் கொடி மாறி ஒன்றை 1 ஆக்கிவிட்டுத் திரும்புங்கள், மீதியை மெயின் லூப் பார்த்துக்கொள்ளும்.

செய்தி எழுதியே ஆக வேண்டுமா? பிரிண்ட்எஃப் கூடாது, எஸ்என்பிரிண்ட்எஃப்பும், ஹேண்ட்லருக்குள் கூப்பிடலாம் என்று போசிக்ஸ் தரநிலை தரும் பாதுகாப்பான பட்டியலில் இல்லை. ஸ்டாக்கில் 64 பைட் பஃபர் வைத்து, எண்ணை 10ஆல் வகுத்துக்கொண்டே போய், மீதிகளைப் பின்னாலிருந்து எழுத்துகளாக நிரப்பி, ரைட் (write) மூலம் அனுப்புங்கள். ஹேண்ட்லருக்குள் வந்ததும், கடைசிப் பிழை எண் இருக்கும் எர்நோவைச் சேமித்து, போகும்போது திரும்ப வையுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

சரி, கிராஷ் ஆனால், எந்தெந்த ஃபங்ஷன் வழியே அங்கே வந்தது என்று காட்டும் பேக்டிரேஸ்? லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியில் பேக்டிரேஸ்_சிம்பல்ஸ் மாலாக் செய்யும், பேக்டிரேஸ்_சிம்பல்ஸ்_எஃப்டி செய்யாது. ஆனால் பேக்டிரேஸ் ஃபங்ஷன் முதல்முறை ஓடும்போது லிப்ஜிசிசி என்ற லைப்ரரியை ஏற்றும், அங்கே மாலாக் நுழையும்; எனவே மெயின் தொடக்கத்திலேயே அதை ஒருமுறை சும்மா கூப்பிட்டு வையுங்கள்.