இன்டர்வியூவுக்குக் கிளம்பும் முன்பே செய்த தவறுகள்

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி. சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனி ரிசப்ஷன். செக்யூரிட்டி நீட்டிய நோட்டில் பெயர், போன் நம்பர், லேப்டாப் இருக்கிறதா இல்லையா எல்லாம் எழுதி, விசிட்டர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். "பேனல் மீட்டிங்ல இருக்காங்க சார், பத்து நிமிஷம்" என்று எச்.ஆர். பெண் மூன்று முறை வந்து சொல்லிவிட்டுப் போனார். கூப்பிட்டபோது மணி இரண்டேகால். உள்ளே இருந்தவர் என் ரெஸ்யூமேயை அப்போதுதான் பிரிண்ட் எடுத்து வந்திருந்தார். தாளில் சூடு ஆறவில்லை.

அது நான்காவது ரவுண்டு. ஐந்தாவது எச்.ஆரோடு. அதில்தான், "இந்த பொசிஷனுக்கு பட்ஜெட் ஆறு லட்சம் சார்" என்றார்கள். நான் அப்போது வாங்கிக்கொண்டிருந்ததே 7.2 லட்சம்.

தாம்பரம் பஸ்ஸில் ஏறி, மேடவாக்கம் வரை கம்பெனியைத் திட்டினேன். அப்புறம்தான் யோசனை வந்தது. முதல் போன் வந்த அன்றே பட்ஜெட்டை நான் ஏன் கேட்கவில்லை? கூச்சம்தான். எடுத்த எடுப்பில் சம்பளத்தைக் கேட்டால் காசுக்கு அலைபவன் என்று நினைப்பார்களோ என்ற பயம். ஆனால் அவர்கள் முதல் நிமிடத்தில் என்ன கேட்டார்கள்? கரண்ட் சிடிசி (கம்பெனி நமக்காக ஒரு வருடத்துக்குக் காட்டும் மொத்தச் செலவு), எக்ஸ்பெக்டட் சிடிசி, நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா கொடுத்தபின் வேலை பார்க்க வேண்டிய நாட்கள்). அவர்களுக்கு இல்லாத கூச்சம் எனக்கு எதற்கு? அதைவிடப் பெரிய கூத்து, எக்ஸ்பெக்டடுக்கு நான் சொன்ன பதில்: "நெகோஷியபிள்." நான் மரியாதைக்குச் சொன்னேன். அவர்கள் "குறைத்தாலும் வருவான்" என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே பட்ஜெட்டை முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள். அதோடு மொத்தம் எத்தனை ரவுண்டு, ஷிஃப்ட் உண்டா, வாரத்தில் எத்தனை நாள் ஆபீஸ் என்பதையும். இன்னொரு கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: யாருடைய பேரோல்? இன்டர்வியூ எடுப்பது பெரிய கம்பெனியாக இருக்கும். சம்பளம் போடுவது பெயர் தெரியாத ஒரு வெண்டராக இருக்கும். ஆஃபர் லெட்டரின் தலைப்பைப் பார்த்துத்தான் விஷயம் புரியும்.

சிடிசியைப் பன்னிரண்டால் வகுத்துக் கனவு காண்பது அடுத்த தவறு. 7.2 லட்சம் என்றால் மாதம் 60,000 என்று நானும் ஒரு காலத்தில் வீட்டில் சொன்னவன்தான். பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், அதில் பாதி, 3.6 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி பங்கு பிஎஃப் பேசிக்கில் 12 சதவீதம், 43,200. கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று பேசிக்கில் 4.81 சதவீதம், சுமார் 17,300. நிரந்தர ஊழியருக்கு அது பொதுவாக ஐந்து வருடம் முடித்தால்தான் கைக்கு வரும். வேலையைப் பார்த்துத் தரும் வேரியபிள் மொத்த சிடிசியில் 10 சதவீதம் இருந்தால் 72,000, வந்தால் உண்டு. நம் பங்கு பிஎஃப் இன்னொரு 43,200. எல்லாம் கழித்தால் மாதம் 45,000 சொச்சம். தொழில் வரி, இன்ஷூரன்ஸ் தனி. "பிரேக்அப் அனுப்புங்க" என்று கேட்பதில் தவறே இல்லை. அதைத் தரத் தயங்கும் இடம் எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை.

ஒரே வேலைக்கு மூன்று கன்சல்டன்சி மூலம் ரெஸ்யூமே போவது சென்னையில் சகஜம். கன்சல்டன்சிக்காரர்கள் கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டார்கள். நாமும் "சரி, அனுப்புங்க" என்போம். கடைசியில் "டூப்ளிகேட் ப்ரொஃபைல்" என்று மூன்றுமே தூக்கி எறியப்படும். பெயர் சொல்லாத வரைக்கும் அனுப்பச் சொல்லாதீர்கள். யார் மூலம், எந்தத் தேதியில் போனது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரெஸ்யூமே பற்றி ஒன்று மட்டும். பக்கத்தை இடம், வலம் என்று இரண்டு பத்தியாகப் பிரித்து, கலர் பட்டை போட்ட டிசைன் பார்க்க அழகாக இருக்கும். ஒரு கம்பெனியின் விண்ணப்பப் பக்கத்தில் அதை ஏற்றினேன். அது தானாகவே படித்து விவரங்களை நிரப்பியதில், அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் கல்லூரி பெயர் வந்து உட்கார்ந்தது. அன்றிலிருந்து ஒரே பத்தி, கறுப்பு எழுத்து.

இரண்டு மாதம் மட்டும் பார்த்து விட்டுவிட்ட வேலையை மறைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மறைக்காதீர்கள். அங்கே பிஎஃப் பிடித்திருந்தால் உங்கள் யுஏஎன் (பிஎஃப்புக்கான நிரந்தர எண்) கணக்கின் சர்வீஸ் ஹிஸ்டரியில் சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் இருக்கும். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன், அதாவது நம் பழைய வேலை விவரங்களைச் சரிபார்ப்பவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான். என் நண்பன் ஒருவனுக்கு ஆஃபர் கையில் வந்தபின் இதில்தான் போனது. "ரெண்டு மாசம் இருந்தேன், ஷிஃப்ட் ஒத்துவரலை" என்று சொல்லியிருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள்.

இருப்பதிலேயே ஆபத்தானது நோட்டீஸ் பீரியட் விவகாரம். ஐடியில் பல இடங்களில் 90 நாள். எடுப்பவர்களோ "இமீடியட் ஜாய்னர்தான் வேணும்" என்பார்கள். இந்த நெருக்கடியில், கையில் எதுவும் இல்லாமல் ராஜினாமா போட்டுவிட்டுத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். ஆறு மாதச் செலவுக்குச் சேமிப்பு இருந்தால் சரி, இல்லையென்றால் வேண்டாம். "செலக்ட் ஆயிட்டீங்க, லெட்டர் வந்துரும்" என்று போனில் சொன்னதை நம்பி ராஜினாமா கொடுப்பது இன்னும் மோசம். லெட்டர் வந்தாலும், வெரிஃபிகேஷனுக்கு உட்பட்டது என்று அதில் எங்காவது ஒரு வரி இருக்கும், படித்துவிடுங்கள். 2022இல் கேம்பஸில் ஆஃபர் வாங்கிய ஃப்ரெஷர்கள் பலர், சேரும் தேதி வராமல் இரண்டு வருடம் வரை காத்துக் கிடந்தார்கள். ஃப்ரெஷருக்கு நஷ்டம் காலம். கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவனுக்கு மாதத் தவணையும் சேர்ந்து நிற்கும்.

டெபாசிட், டிரெய்னிங் ஃபீஸ் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக்கூடாது.

"வில் கெட் பேக் டு யூ" என்றால் எந்தத் தேதிக்குள் என்று அங்கேயே கேளுங்கள். அந்தத் தேதி தாண்டினால் ஒரு மெயில், ஒரு வாரம் கழித்து இன்னொன்று. அதற்கும் பதில் இல்லையா, அடுத்த வேலையைப் பாருங்கள். நான் ஒரு கம்பெனிக்கு ஏழு மெயில் போட்டிருக்கிறேன். ஏழாவதை இப்போது படித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து அதே சோழிங்கநல்லூர் கம்பெனியிலிருந்து போன் வந்தது. வேறொரு பெண் குரல், அதே டெஸ்டிங் வேலை. என் பெயர் ஏற்கெனவே அவர்களிடம் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. "பட்ஜெட் எவ்வளவுங்க?" என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஆறு சார்" என்றார். முழுப் பேச்சும் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. வைக்கப் போகும்போது, "உங்க ஃப்ரெண்ட்ஸ் யாராவது இருந்தா ரெஃபர் பண்ணுங்க சார்" என்றார்.