சிறுபான்மையினர் உரிமை வழக்கு: ஜூனியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு ஜூனியர் ரிட் மனு வரைவு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். மொழிச் சிறுபான்மைப் பள்ளி ஒன்றில் ஆசிரியர் நியமனத்துக்குக் கல்வித்துறை ஒப்புதல் தரவில்லை என்பது வழக்கு. கடைசிப் பக்கத்தைப் புரட்டினால், பதினெட்டு வருடத்துக்கு முன் நான் எழுதிய அதே வரி. கோர்ட் கட்டணம், பக்க எண் போன்ற பிழைகளை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றைப் பதிவகமே திருப்பி அனுப்பிச் சரிசெய்ய வைத்துவிடும்.

"பரிசீலிக்க உத்தரவிட வேண்டும்" என்று கேட்பது

அந்த வரி இதுதான்: "மனுதாரரின் கோரிக்கையைச் சட்டப்படி பரிசீலிக்க உத்தரவிட வேண்டும்." இந்த உத்தரவு கிடைப்பது சுலபம். அரசுத் தரப்பு பெரும்பாலும் எதிர்க்காது. முதல் விசாரணையிலேயே "12 வாரத்துக்குள் பரிசீலிக்கவும்" என்று வழக்கு முடிந்துவிடும்.

நான் அந்த வரியை எழுதிய வழக்கில், என் கட்சிக்காரரான ஆசிரியை ஜெயித்துவிட்டதாக நினைத்து இனிப்போடு ஆபீசுக்கு வந்தார். மூன்றாம் மாதம் பதில் வந்தது: "பரிசீலிக்கப்பட்டது. விதிகளில் இடமில்லை." பரிசீலிக்கச் சொன்னோம், பரிசீலித்துவிட்டார்கள். உத்தரவை மீறினார்கள் என்று நீதிமன்ற அவமதிப்பு மனு போடவும் வழியில்லை. நிராகரிப்பை ரத்து செய்யக் கேட்டு இன்னொரு ரிட் போட்டோம். அது முடிய ஐந்து வருடம் ஆனது. அத்தனை காலமும் அவர் அரசுச் சம்பளம் இல்லாமல், நிர்வாகம் கொடுத்த சொற்பத் தொகையில் பாடம் நடத்தினார். இன்றைக்கு நினைத்தாலும் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

ஆந்திரப் போக்குவரத்துக் கழகம் எதிர் ஸ்ரீனிவாஸ் ரெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் இதை விளக்கியிருக்கிறது. உரிமை உண்டா இல்லையா என்று நீதிமன்றம் முடிவு சொல்லாமல் வெறுமனே "பரிசீலிக்க" என்றால், ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் கையில்தான். சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களைத் தொடங்கி நிர்வகிக்கும் 30(1) பிரிவின் உரிமையோ அதிகாரியின் தயவை நம்பி இருக்கக் கூடாது என்றுதான் அரசமைப்பில் எழுதப்பட்டது. அதைக் காப்பாற்றக் கோர்ட்டுக்குப் போய், நாமே அவர் மேசையில் திரும்ப வைத்துவிட்டு வருகிறோம்.

பிஜோ இம்மானுவேல் வழக்கைப் பாருங்கள். 1985இல் கேரளத்தில், தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்று, ஆனால் பாடாமல் இருந்த யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூவரைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்று, 1986இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். தீர்ப்பின் கடைசியில் சகிப்புத்தன்மை பற்றி வரும் வரிகளை எல்லா ஜூனியரும் மனுவில் சேர்க்கிறார்கள். அதற்குச் சற்று மேலே இருப்பதையும் படியுங்கள்: பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க வேண்டும், தடையின்றிப் படிக்க விட வேண்டும். "சேர்ப்பது குறித்துப் பரிசீலிக்கவும்" என்று அங்கே இல்லை.

ஆகவே "ஒப்புதல் அளிக்க" என்றே கேளுங்கள். எந்தத் தேதியிலிருந்து என்றும் எழுதுங்கள். நிராகரிப்பு உத்தரவு வந்திருந்தால் அதை ரத்து செய்யவும் கேளுங்கள். நீதிபதி "பரிசீலிக்க" என்றுதான் முடிக்கப் பார்க்கிறார் என்றால், எந்தத் தீர்ப்பைப் பின்பற்றி முடிவெடுக்க வேண்டும் என்பதையாவது உத்தரவில் பதியச் சொல்லி மன்றாடுங்கள்.

எண்ணிக்கையை நாடு முழுவதற்கும் பார்ப்பது

யார் சிறுபான்மை என்பதற்கு மாநிலம்தான் கணக்கு. டி.எம்.ஏ. பாய் வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு சொன்னது இது. தெலுங்கு பேசுவோர் தமிழ்நாட்டில் சிறுபான்மை, தமிழர் கேரளத்தில் சிறுபான்மை.

30ஆம் பிரிவை எல்லாவற்றுக்கும் காட்டுவது

நிர்வகிக்கும் உரிமை, நிர்வாகத்தைச் சீரழிக்கும் உரிமை ஆகாது. கேரளக் கல்வி மசோதா வழக்கில் 1958லேயே சொல்லிவிட்டார்கள். கல்வித் தகுதி இல்லாத சொந்தக்காரரை வேலையில் வைத்துவிட்டு வரும் நிர்வாகியிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அஸீஸ் பாஷாவை இன்னும் நம்புவது

சட்டம் இயற்றி உருவான நிறுவனம் என்பதாலேயே சிறுபான்மைத் தகுதி போய்விடாது. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் பற்றிய வழக்கில் போய்விடும் என்று சொன்ன 1967இன் அஸீஸ் பாஷா தீர்ப்பை 2024 நவம்பரில் 7 நீதிபதிகள் அமர்வு 4:3 என்ற கணக்கில் மாற்றிவிட்டது.

அவமதிப்பு மனுவைத் தள்ளிப்போடுவது

அந்த மனுவைப் போட ஒரு வருடம்தான் அவகாசம்.