எஸ்.ஏ.பி.யில் ‘901ஐக் காணோம்’: ஃபார்முலா டம்ப்பைச் சரிசெய்வது எப்படி?

நிறுவனங்களின் வணிக மென்பொருளான எஸ்.ஏ.பி.யில், விலையைக் கணக்கிட நம் டீம் 901 என்ற எண்ணில் ஒரு ஃபார்முலா (சிறு ப்ரோகிராம்) எழுதியது என்று வைத்துக்கொள்ளுங்கள். டெவலப்மென்ட் சிஸ்டத்தில் விலை சரியாக வந்தது, டெஸ்டிங்கிலும் வந்தது. நிஜ வேலை நடக்கும் ப்ரொடக்ஷனுக்கு டிரான்ஸ்போர்ட் (மாற்றங்களைக் கொண்டுபோகும் பொதி) போன மறுநாள் காலை, சேல்ஸ் ஆர்டரில் மெட்டீரியல் எண்ணைப் போட்டு என்டர் தட்டினால் டம்ப், அதாவது ப்ரோகிராம் பாதியில் நின்று வரும் பிழை அறிக்கை. பதறிப்போய் ஃபார்முலாவை மறுபடி எழுத உட்காராதீர்கள். பெரும்பாலும் அது பத்திரமாக இருக்கும், அதைக் கூப்பிடும் பட்டியலில்தான் பெயர் ஏறியிருக்காது.

ஒரு ஃபார்முலா மூன்று இடத்தில் வாழ்கிறது. டிஎஃப்ஆர்எம் என்ற டேபிளில் அதன் எண் ஒரு வரி. கோடு எழுதிய இன்க்ளூட் ப்ரோகிராம் (வேறொரு ப்ரோகிராமுக்குள் சேரும் துண்டு) இரண்டாவது. அந்த இன்க்ளூடைச் சேர்த்துக்கொள்ளும் தொகுப்பு இன்க்ளூட் மூன்றாவது. இந்த மூன்றாவதை யாரும் கையால் எழுதுவதில்லை, சிஸ்டமே உருவாக்கும். சிக்கல் அதிகம் வருவதும் இங்கேதான்.

படி 1: டம்ப்பைப் படியுங்கள்

டம்ப்களைக் காட்டும் எஸ்டி22 திரையில் இன்றைய டம்ப்பைத் திறங்கள். தலைப்பில் ‘பெர்ஃபார்ம்_நாட்_ஃபவுண்ட்’ என்று இருந்தால் நம் ஆள்தான். கீழே எந்த ஃபார்மை (கூப்பிட்ட துணை ப்ரோகிராமை) காணவில்லை என்பதும் இருக்கும், அதன் பெயரை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

‘எஃப்ஆர்எம்_கோண்டி_வெர்ட்_901’ என்றால் விலைத் தொகையைக் கணக்கிடும் ஃபார்முலா. ‘எஃப்ஆர்எம்_கோண்ட்_பாசிஸ்_901’ என்றால் அடிப்படை மதிப்புக்கானது. ‘கோபெட்_901’ என்றால் அது ஃபார்முலாவே இல்லை, ரெக்வயர்மென்ட், அதாவது ஒரு விலைக்கூறு பொருந்துமா என்று சோதிக்கும் நிபந்தனை. எஸ்.ஏ.பி. 1972-இல் ஜெர்மனியில் பிறந்தது. வெர்ட் என்றால் ஜெர்மனில் மதிப்பு, பெடிங்குங் என்றால் நிபந்தனை. இது தெரிந்துவிட்டால் இந்தப் பெயர்கள் மிரட்டாது.

901 என்ற எண்ணும் ஒரு தகவல்தான். 600 முதல் 999 வரை வாடிக்கையாளர் தரப்புக்கு ஒதுக்கியவை. அப்படியானால் இது நம் டீம் எழுதியது.

படி 2: விஓஎஃப்எம்-இல் தேடுங்கள்

ஃபார்முலாக்களையும் ரெக்வயர்மென்ட்களையும் பராமரிக்கும் இந்தத் திரையில், ஃபார்முலாஸ் மெனுவில் கண்டிஷன் வேல்யூ என்ற பட்டியலைத் திறங்கள். ரெக்வயர்மென்ட் என்றால் அதற்குரிய மெனுவில் பிரைசிங். 901 வரி இருக்கிறதா, ஆக்டிவ் என்று டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். வரியே இல்லையென்றால் டிரான்ஸ்போர்ட்டில் டேபிள் பதிவு விட்டுப்போயிருக்கிறது, மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

படி 3: இன்க்ளூட் வந்திருக்கிறதா?

ப்ரோகிராம் எடிட்டரான எஸ்இ38-இல் ஆர்வி64ஏ901 என்று தேடுங்கள். அடிப்படை மதிப்பு ஃபார்முலாவானால் ஆர்வி63ஏ901, ரெக்வயர்மென்ட்டானால் ஆர்வி61ஏ901. இருந்தால் சிண்டாக்ஸ் செக் செய்யுங்கள். இதைத் தயவுசெய்து தாண்டிப்போகாதீர்கள். எல்லா பிரைசிங் ஃபார்முலாக்களும் ஒரே பெரிய ப்ரோகிராமுக்குள் சேர்கின்றன. 901-இல் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தால், அதைத் தொடாத ஆர்டர்களும் சேர்ந்து நின்றுவிடும். அந்த நிலையில் அடுத்த படியை ஓட்டுவது, ஓர் ஓட்டையை ஊர் முழுக்கப் பரப்புவது.

அப்புறம் ஆர்வி64ஏஎன்என்என் என்ற தொகுப்பு இன்க்ளூடைத் திறந்து பாருங்கள். 900, 902 என்று வரிகள் இருந்து நடுவில் 901 மட்டும் இல்லையா? காரணம் கிடைத்துவிட்டது. (இந்தத் தொகுப்பு கண்டிஷன் வேல்யூவுக்கு. மற்ற வகைகளுக்குத் தனித்தனியாக உண்டு.)

படி 4: ஆர்வி80எச்ஜென்

எஸ்இ38-இல் இந்த ப்ரோகிராமை ஓட்டுங்கள். டேபிளில் உள்ள ஆக்டிவ் எண்களைப் படித்து, தொகுப்பு இன்க்ளூட்களை மறுபடி உருவாக்கும். ப்ரொடக்ஷனில் உங்களுக்கு அனுமதி இருக்காது, சிஸ்டத்தைப் பராமரிக்கும் பேசிஸ் டீமிடம் கேளுங்கள். ஆர்டர்கள் குறைவாகப் போடும் நேரமாகப் பார்த்து ஓட்டச் சொல்வது நல்லது, ஏனென்றால் எல்லோரும் பயன்படுத்தும் ப்ரோகிராம் அந்த நேரத்தில் மாறுகிறது.

படி 5: சோதியுங்கள்

டம்ப் ஆன அதே கஸ்டமர், அதே மெட்டீரியலுடன் புது ஆர்டர் போடுங்கள். ஐட்டத்தின் கண்டிஷன்ஸ் பக்கத்தில் தொகை வருகிறதா என்று பாருங்கள். வந்தாலும் கணக்கு சரியா என்று கையால் ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

சில நேரம் 901 யாருக்கும் தேவையில்லாத பழைய எண்ணாக இருக்கும். அப்போது வி/08-இல் அதைக் கூப்பிடும் பிரைசிங் ப்ரொசீஜரை (விலைக் கணக்கின் படிகளை) திறந்து எண்ணை எடுத்துவிடலாம். ஆனால் அதை டெவலப்மென்ட்டில் செய்து, டிரான்ஸ்போர்ட்டாகத்தான் கொண்டுபோக வேண்டும்.

விஓஎஃப்எம் மாற்றம் உள்ள டிரான்ஸ்போர்ட் போகும்போதெல்லாம், இம்போர்ட் முடிந்த பிறகு ஆர்வி80எச்ஜென் ஓட்ட வேண்டும் என்று அந்தக் கோரிக்கையிலேயே எழுதிவிடுங்கள்.