வலைப்பக்கம் எழுதப் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் ஐந்து ரோட்டுக்கு அருகில் மாலை வேளைகளில் வலைப்பக்கம் எழுதக் கற்றுத்தருகிறேன். புதிதாக வந்து சேரும் ஒவ்வொரு குழுவும், நான் பழகிய காலத்தில் செய்த அதே பிழைகளை ஏறக்குறைய அதே வரிசையில் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன். மூட மறந்த டேக் (பக்கத்தின் பகுதிகளைக் குறிக்கும் குறிச்சொல்), விட்டுப்போன அரைப்புள்ளி, எழுத்து மாறிய சொல் ஆகியவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றில் பெரும்பாலானவற்றை நிரல் எழுதப் பயன்படும் நல்ல எடிட்டர் நிறம் மாற்றியோ அடிக்கோடிட்டோ காட்டிவிடும். நாலு முறை செய்த பிறகு கையும் பழகிவிடும்.

தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரிவது

இங்கே பயில்பவர்கள் எழுதும் முதல் பக்கம் பெரும்பாலும் குடும்பத் தொழிலுக்கானதாகவே இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவரின் மகனோ, ஜவ்வரிசி வியாபாரியின் மகளோ, ஏற்கெனவே அச்சகத்தில் தட்டச்சு செய்து வைத்திருக்கும் விளம்பர வாசகத்தை வாங்கிவந்து அப்படியே பக்கத்தில் ஒட்டுகிறார்கள். அந்த வாசகம் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டிருந்தால், கணினியைப் பொறுத்தவரை அதில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் வடிவம் தருகிறது. அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் வடிவம் போய்விடும், தேடுபொறியும் அதைத் தமிழாக எடுத்துக்கொள்ளாது. ஆகவே எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான முறையான யூனிகோடுக்கு மாற்றிய பிறகே வாசகத்தை ஒட்ட வேண்டும்.

யூனிகோடில் எழுதியும் சிதைகிறது என்றால், பக்கம் எந்தக் குறியாக்கத்தில் (எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் முறையில்) எழுதப்பட்டது என்பதை, குரோம் போன்ற உலாவிக்குச் சொல்லாமல் விட்டிருப்பீர்கள். யூனிகோடுக்கான குறியாக்கமான யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் தேவை. 'தமிழ்' என்ற சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகளாகப் பிரிந்து 15 பைட்டுகளில் அமர்கிறது. இது தெரியாத உலாவி ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி இலத்தீன் எழுத்தாகப் படித்து, பொருளற்ற குறிகளை வரிசையாகக் காட்டும். மெட்டா டேகில் சார்செட் என்ற பண்புக்கு யு.டி.எஃப்-8 என்று மதிப்புக் கொடுத்தால் போதும். ஆனால் அந்த வரி கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் முழுமையாக வந்துவிட வேண்டும் என்பதால், பக்கத்தைப் பற்றிய குறிப்புகள் இருக்கும் ஹெட் பகுதியின் முதல் வரியாகவே அதை எழுதிவிடுங்கள்.

வேர்டிலிருந்து நிரலை ஒட்டுவது

செய்யாதீர்கள். நேரான மேற்கோள் குறிகளை வேர்டு வளைந்த குறிகளாக மாற்றிவிடும். உலாவிக்கு அவை மேற்கோள் குறிகளே அல்ல.

தடயத்தை அழித்துவிட்டு 'வரவில்லை' என்று மட்டும் சொல்வது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இந்தத் தவறுதான். அறியாமையால் வரும் பிழையை ஒரு முறை சொல்லித் திருத்திவிடலாம். இதுவோ திறமையுள்ள மாணவர்களையும் விடாமல் பிடித்துக்கொள்கிறது, அவர்களுடைய நேரத்தையும் உதவ வருபவரின் நேரத்தையும் சேர்த்தே தின்கிறது.

ஏற்காட்டிலிருந்து வந்து படித்த மாணவி ஒருவர், ஒண்டிக்கடைப் பக்கம் காப்பித்தூளும் மிளகும் தேனும் விற்கும் தன் மாமாவுக்காக ஒரு பக்கம் எழுதினார். கோடை விழாவுக்கு வரும் கூட்டத்தை நம்பி, பக்கத்தின் முகவரியை அச்சிட்ட அட்டைகளையும் மாமா தயாராக வைத்திருந்தார். மாணவியின் மடிக்கணினியில் எல்லாப் படங்களும் அழகாகத் தெரிந்தன. பக்கத்தை இணையத்தில் வழங்கும் கணினியான சர்வரில் ஏற்றியதும் ஒரு படமும் வரவில்லை. உடனே அவர் படங்களின் அளவைக் குறைத்தார், பக்கத்தின் அமைப்பை மாற்றினார், வேறொரு பக்கத்திலிருந்து எடுத்த சி.எஸ்.எஸ். (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழி) கோப்பைச் சேர்த்தார், எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். இத்தனைக்கும் பிறகு, மடிக்கணினித் திரையைக் கைபேசியில் கோணலாகப் படமெடுத்து எனக்கு அனுப்பி, "அண்ணா, படம் வரவில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தார்.

அந்த வரியை வைத்துக்கொண்டு எவராலும் எதுவும் செய்ய முடியாது. நிரலையும் முகவரியையும் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, முதலில் இருந்த ஒரு கோளாறின் மேல் புதிதாகச் சேர்ந்த கோளாறுகள் பல இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக நீக்கிய பிறகு தெரிந்த மூல காரணம் மிகச் சிறியது. கேமராவிலிருந்து வந்த கோப்புகளின் பெயர் ஜே.பி.ஜி. என்று பெரிய ஆங்கில எழுத்துகளில் முடிந்தது. நிரலில் அவர் அதைச் சிறிய எழுத்துகளில் எழுதியிருந்தார். விண்டோஸ் இயல்பாக இந்த இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். லினக்ஸில் இயங்கும் சர்வர் இரண்டையும் வெவ்வேறு பெயர்களாகக் கொண்டு, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று 404 எண்ணுடன் பதில் அனுப்பும். அந்தப் பதில் முதல் நாளே உலாவியில் வந்து காத்திருந்தது. எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் என்ற பகுதியைத் திறந்துவைத்துப் பக்கத்தை மறுபடி ஏற்றியிருந்தால், சிவப்பு நிறத்தில் ஒவ்வொரு கோப்பின் பெயரோடும் அது நின்றிருக்கும். பக்கம் சரியானபோது விழா முடிந்து கூட்டம் மலையிறங்கிவிட்டது. அட்டைகளை வாங்கிப்போன எத்தனையோ பேர் வெறும் கட்டங்களைத்தான் பார்த்திருப்பார்கள்.

பெயரில் எழுத்து மாறியதற்காக நான் அவரைக் குறை சொல்லவில்லை. கோளாறு தோன்றிய நேரத்தில் இருந்த நிலையைக் காப்பாற்றாமல் கலைத்ததும், உலாவி சொன்னதைப் படிக்காமல் விட்டதும்தான் குற்றம். இதற்கு ஒரு காரணமும் உண்டு. பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்.-இல் பிழை இருந்தால் உலாவி தானாகவே ஒட்டுப்போட்டுக்கொண்டு பக்கத்தைக் காட்டிவிடும், சி.எஸ்.எஸ்.-இல் புரியாத வரி வந்தால் அதைத் தள்ளிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். பக்கத்தைச் செயல்படவைக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் மட்டுமே வேலையை நிறுத்திப் பிழைச்செய்தி தரும், அதுவும் எஃப்12 அழுத்தினால் வரும் பிழைச்செய்திப் பகுதியான கன்சோலைத் திறந்தவருக்குத்தான் தெரியும். திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மூன்றுமே மௌனமாகத் தெரிவதால், அவர் ஊகத்தின் பேரில் கையில் கிடைத்ததையெல்லாம் மாற்றத் தொடங்குகிறார்.

ஆகவே கோளாறு தெரிந்த உடனே செய்ய வேண்டியது, கோப்புறை முழுவதையும் நகலெடுத்துத் தனியே வைப்பது. கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியைப் பழகியவர்கள் அந்த நிலையை அதில் பதிந்துவைக்கலாம். அடுத்து கன்சோலையும் நெட்வொர்க் பகுதியையும் திறந்து, அங்கே சிவப்பில் இருப்பதை வரி பிசகாமல் எடுத்து எழுதுங்கள். எச்.டி.எம்.எல். மேல் ஐயம் இருந்தால், உலாவி மறைத்துவிடும் பிழைகளை வரி எண்ணோடு காட்டும், வலைத்தர அமைப்பான டபிள்யூ3சி-யின் சரிபார்ப்பானில் பக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள். அதன் பிறகு நகலில் பக்கத்தின் பாதியை நீக்கிவிட்டு, கோளாறு இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எஞ்சியதில் பாதியை நீக்குங்கள். மறைந்துவிட்டால், நீக்கிய பாதியைத் திரும்பக் கொண்டுவந்து மற்றப் பாதியை நீக்கிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இப்படிக் குறைத்துக்கொண்டே போனால் கோளாறு பத்துப் பதினைந்து வரிகளுக்குள் அடைபட்டுவிடும், பல சமயங்களில் கேட்பதற்கு முன்பே விடையும் அங்கே தெரிந்துவிடும்.

தெரியாவிட்டால் தயங்காமல் கேளுங்கள். நீங்கள் என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, எந்த உலாவியில், எந்தக் கருவியில், பிழைச்செய்தி என்ன என்பவற்றோடு குறைத்த நிரலையும் எழுத்தாகவே அனுப்புங்கள். படத்திலிருக்கும் நிரலை உதவுபவரால் தன் கணினியில் ஓட்டிப்பார்க்க முடியாது. கேள்வியைத் தாராளமாகத் தமிழில் எழுதலாம். பிழைச்செய்தியை மட்டும் மொழிபெயர்க்காமல் வந்தபடியே கொடுங்கள், ஏனென்றால் தேடும்போது அந்தச் சொற்களே உதவும். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்பவர்களுக்கும் இதே முறைதான். 'வரவில்லை' என்று மட்டும் சொன்னால் அதுவும் ஊகித்துத்தான் எழுதும், அந்த ஊகத்தைப் படித்துப் பார்க்காமல் ஒட்டினால் இரண்டாவது கோளாறு தொடங்கும்.

அடிப்படைக்கு முன்பே ரியாக்டுக்குத் தாவுவது

ரியாக்ட் என்பது ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நூலகம், அதாவது முன்பே எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பு. வேலை விளம்பரங்களில் அந்தப் பெயர் இருப்பதால் மாணவர்கள் அவசரப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு படிவத்தை வெறும் எச்.டி.எம்.எல்.-இல் எழுதி, அது அனுப்பும் தரவு எங்கே போகிறது என்று பார்த்திராதவர், ரியாக்டில் கோளாறு வரும்போது அது ரியாக்டுடையதா, ஜாவாஸ்கிரிப்டுடையதா, சர்வருடையதா என்று பிரித்தறிய முடியாமல் திகைக்கிறார். எந்த நூலகமும் சேர்க்காமல் மூன்று நான்கு பக்கங்களை முழுதாக எழுதி, சர்வரில் ஏற்றி, அவை கைபேசியில் சரியாக இயங்குவதைப் பார்த்த பிறகு ரியாக்டைத் தொடங்கலாம்.

மடிக்கணினியில் மட்டும் பார்த்துவிட்டு முடித்துக்கொள்வது

பக்கம் எந்த அகலத்தில் தெரிய வேண்டும் என்று உலாவிக்குச் சொல்லும் வியூபோர்ட் என்ற மெட்டா வரி இல்லாவிட்டால், கைபேசி உலாவிகள் பெரும்பாலும் பக்கத்தை 980 பிக்சல் அகலமுள்ளதாகக் கொண்டு சுருக்கிக் காட்டும், எழுத்து படிக்க முடியாத அளவுக்குச் சிறுத்துவிடும். அகலம் கருவியின் அகலமாகவும் தொடக்க உருப்பெருக்கம் 1 ஆகவும் இருக்கும்படி அந்த வரியை எழுதி, கைபேசியில் திறந்து பாருங்கள்.