தாத்தாவின் ஃபிலிம் கேமராவை மீண்டும் இயக்குதல்

தாத்தா விட்டுச்சென்ற கேமராவில் ஃபிலிம் சுருளை ஏற்றுவதற்கு முன், லென்ஸின் மீது கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து உற்றுப் பாருங்கள். சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் அலமாரிக்குள் பல்லாண்டு கிடந்த கண்ணாடியில் பூஞ்சை சிலந்தி நூல்போலப் படர்ந்திருப்பது வழக்கம். லேசான படர்ச்சி படத்தைப் பெரிதாகக் கெடுக்காது. அடர்ந்திருந்தால் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரிலுள்ள பழைய கேமராக் கடைகளில் விசாரியுங்கள். சுத்தம் செய்யும் செலவு லென்ஸின் விலையைத் தாண்டுமானால் வேறொன்று வாங்குவதே மேல். பின்கதவோரக் கறுப்புப் பஞ்சு பிசுபிசுத்தால் ஒளி கசியும், மாற்றிவிடுங்கள்.

1960, 70களின் கேமராக்கள் பலவற்றின் ஒளிமானி 1.35 வோல்ட் பாதரச மின்கலத்துக்கென அமைந்தது. அதற்குப் பதிலாக 1.5 வோல்ட் மின்கலத்தைப் போட்டால் அளவு பிசகக்கூடும் என்பதால், முதற்சுருளுக்குக் கைப்பேசிச் செயலியால் ஒளியை அளப்பது நல்லது. நல்ல வெயிலில் அதுவும் தேவையில்லை: ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 400 எனக் குறித்த சுருளுக்கு லென்ஸின் துளை அளவு எஃப்/16, ஷட்டர் வேகம் 1/500 நொடி போதும்.